இமேஜில் சேராத வரி

வீடு வீடாகப் போகும் செவிலியர்கள் நோயாளிகளின் புண்களைப் படமெடுத்து மருத்துவருக்கு அனுப்ப, தைபேயில் எங்கள் அலுவலகம் ஒரு தளம் நடத்துகிறது. வரும் படங்களை முதலில் வாங்கி உள்ளே அனுப்புவது ரிவர்ஸ் ப்ராக்ஸி என்கிற வாசல் சர்வர். அதை எங்கள் தேவைக்கு ஏற்ப மாற்றி, கன்டெய்னர் இமேஜாகக் கட்டுவது பெய்ட்சுவின் வேலை. அவளுக்கு அது தகுதிகாண் காலம். வெள்ளிக்கிழமையைத் தாண்டிவிட்டால் வேலை நிரந்தரம்.

செவ்வாய் மதியம் அவள் சாப்பிடப் போயிருந்தபோது ஒரு செவிலியர் அழைத்தார். புதுக் கைபேசியில் எடுத்த பெரிய படங்கள் போகவில்லையாம். ஓடிக்கொண்டிருந்த கன்டெய்னருக்குள் நானே நுழைந்து, படத்தின் அளவுக்கு ஒரு மெகாபைட் வரம்பு வைத்திருந்த அமைப்பு வரியைத் திருத்தி இருபதாக்கினேன். படங்கள் போயின. இமேஜ் அச்சு என்றால், கன்டெய்னர் அதில் வார்த்த பொம்மை. பொம்மையைத் திருத்திவிட்டு அச்சைத் தொடாமல் விட்டேன். யாரிடமும் சொல்லவுமில்லை.

வியாழன் காலை பெய்ட்சு வேறொரு மாற்றத்துக்காகப் புது இமேஜை ஏற்றினாள். பழைய கன்டெய்னர் என் வரியோடு அழிந்தது. மாலைவரை பெரிய படங்கள் உள்ளே போகாமல் திருப்பி அனுப்பப்பட்டன. ஒரு முதியவரின் காலில் சீழ் பரவியது மருத்துவர் கண்ணில் படவே இல்லை.

மேலாளர் லியாவ், சர்வர் அலமாரி மேல் அவள் வைத்திருந்த பச்சை நொறுக்குத்தீனிப் பாக்கெட்டைத் தட்டினார். இயந்திரம் அடம்பிடிக்காமலிருக்க நாங்கள் எல்லோரும் வைப்பதுதான்.

"இதைப் படைச்சா போதுமா மகாராணி? சோதிச்சுப் பாக்க வேணாமா?"

"அந்த வரம்பை நான் தொடவே இல்ல சார்."

"நேத்து வரைக்கும் ஓடுச்சு. நீ ஏத்தின, நின்னுது. குவோசென், நீயே சொல்லு."

எனக்கு அந்த மாதம் பதவி உயர்வுப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. "பாக்கணும் சார்," என்றேன்.

வெள்ளியன்று வேலை போய், பெய்ட்சு பெட்டி கட்டினாள். பச்சைப் பாக்கெட்டை என் மேசையில் வைத்தாள்.

"காலாவதி தேதியைப் பாத்துக்கங்கண்ணே. தேதி போயிட்டா பலிக்காது."

அவள் போன பிறகு அவளுடைய கடைசித் திருத்தத்தைத் திறந்தேன். இருபது மெகாபைட் வரி இப்போது இமேஜிலேயே இருந்தது. மேலே ஒரு குறிப்பு: 'செவ்வாய் 12.40க்குக் கையால் செய்த மாற்றம். செவிலியர்களுக்கு உதவியது. இனி அழியாது.' நேரம் தெரிந்தவளுக்கு என் பெயரும் தெரிந்திருக்கும். அதை மட்டும் அவள் எழுதவில்லை.

லியாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஆள் போயாச்சு. வேற ஆளும் பாத்தாச்சு. இப்ப எதுக்குய்யா கிளறுற?"

பெய்ட்சுவைக் கைபேசியில் அழைத்து மன்னிப்புக் கேட்டேன்.

"அதை விடுங்கண்ணே. அந்தத் தாத்தாவுக்கு இப்ப எப்படி இருக்கு?"

நான் விசாரித்திருக்கவில்லை.