ஆறினால் சிவக்கும்

எங்கள் தெருவில் பன்னீர் திராட்சை போட்ட முதல் ஆள் என் புருஷன் எட்வர்ட்தான். கும்மிடிப்பூண்டி உருக்காலையில் வேலை. கம்பத்திலிருந்து குச்சி வாங்கி வந்து கொல்லையில் நட்டார். கம்பத்தில் மூன்று பக்கமும் மலை, பொழுது சாய்ந்தாலே காற்று குளிர்ந்துவிடும். எங்களுக்கு ஒரு பக்கம் பழவேற்காட்டு உப்புக்காற்று, மறுபக்கம் உலைச்சூடு. அதையெல்லாம் யோசிக்காமல், சர்ச்சில் கொடுக்கும் திருவிருந்துக்கு இனி நம் கொல்லைத் திராட்சை ரசம்தான் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

போன சித்திரையில் கொடி நன்றாகவே காய்த்தது. தேனாய் இனித்தது. நிறம் மட்டும் ஏறவில்லை. பாதி பச்சை, பாதி வெளிர் ரோஜா. பிழிந்து ஊறவைத்த ரசத்தை சர்ச் ஆயர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"டீத்தண்ணி மாதிரி இருக்கே எட்வர்ட். அடுத்த வருசம் பெரிய வியாழனுக்குச் செவப்பா குடுங்க. இல்லாட்டி எப்பவும்போல மெட்ராஸ்லயே வாங்கிக்கலாம்."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அன்று எட்வர்ட் சாப்பிடாமலே படுத்துக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சூடு பத்தல மே. எலய எல்லாம் கிள்ளிட்டா நல்லா வெயில் பட்டு செவந்துடும்," என்றார். இரும்பைக் காய்ச்சியே பழகினவர் வேறெப்படி யோசிப்பார்?

"யோவ், அது பழம்யா, கம்பி இல்ல. தை மாசம் தப்பிப் பழுத்த ஒரு கொத்து நல்லா செவந்துச்சே, மறந்துட்டியா? அதுக்கு ராக்குளிர் வோணும்."

இறால் கம்பெனியில் ஐஸுக்குள் கைவிட்டே சிவந்துபோன விரல்கள் எனக்கு. குளிர் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்.

தையில் பழுக்க வேண்டுமென்றால் புரட்டாசியிலேயே கொடியைக் கவாத்து செய்ய வேண்டும். ஐப்பசி மழையில் பூவெல்லாம் அழுகிவிடும் என்று பயந்தார்.

"மழைய நான் பாத்துக்கறேன், நீ வெட்டு," என்றேன்.

வெட்டினார். பந்தலுக்கு மேல் பிளாஸ்டிக் தாளை இழுத்துக் கட்டினேன். ஒரு தரம் புயல் பிய்த்துப் போட்டது, மறுபடி கட்டினேன். மார்கழிப் பனி இறங்க இறங்க காய்கள் சிவந்து கறுத்தன.

தையில் பறித்துப் பிழிந்து ஊறவைத்தோம். ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் சாயங்காலம் ஆயர் அந்த ரசத்தைக் கண்ணாடிக் குடுவையிலிருந்து ஊற்றினார். மாதுளைச் சாறு போல அப்படி ஒரு சிவப்பு. சிரித்தவர்களே மண்டியிட்டு வாங்கிக் குடித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை.

வெளியே வந்ததும் எட்வர்ட் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நம்ம இரும்பு ஆறினா கறுத்துடும். இது ஆறுனதுக்கப்புறம்தான் மே செவந்துகீது."

"அத்தத்தான்யா ஒரு வருசமா சொல்லிக்கினுகீறேன்," என்றேன்.