காணும் பொங்கலன்று திறக்கும் கணக்கு

வெங்கடேசன் செல்போனை வேண்டுமென்றேதான் வீட்டில் விட்டுவிட்டு வேனில் ஏறினார். சார்ஜ் இறங்கிப்போன செல்போன். பீரோவில் வேட்டிகளுக்கு அடியில் தள்ளி வைத்திருந்தார். மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். வயதாகிவிட்டது என்று கொழுந்தியாள் கேலி செய்வாள், செய்துவிட்டுப் போகட்டும்.

காணும் பொங்கலுக்கு நைனார்பாளையத்திலிருந்து வேன் பிடித்துக் கரியாலூருக்குப் போய், மலைமேல் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டுத் திரும்புவது அந்தக் குடும்பத்தில் வெகுநாளைய வழக்கம். நாலைந்து வருடமாக அதோடு இன்னொரு வழக்கமும் சேர்ந்துகொண்டது. சாப்பாட்டுக்கு முன்னால் எல்லாரும் அவரவர் பங்குச் சந்தைக் கணக்கைச் செல்போனில் திறந்து காட்டவேண்டும். வருடத்தில் அந்த ஒருநாள்தான் திறக்கலாம். இடையில் எட்டிப் பார்க்கவும் கூடாது. இது ஜெயசுதா போட்ட சட்டம்.

ஜெயசுதா, வெங்கடேசனின் மனைவி தங்கமணிக்குத் தங்கை. கள்ளக்குறிச்சியில் பம்பு மோட்டார் கடை வைத்திருக்கிறாள். கடை வருமானத்தில் மிச்சம் பிடித்துப் பங்கு வாங்கி, வாங்கினதை விற்காமல் வைத்திருந்தே மகளை டாக்டருக்குப் படிக்கவைத்தவள். ஆரம்பத்தில் அதைச் சூதாட்டம் என்று சொல்லாத சொந்தக்காரர் இல்லை. அதிகம் சொன்னவர் வெங்கடேசன்தான். அப்புறம் புறவழிச் சாலைக்கு ஜெயசுதாவின் அப்பா வீட்டு நிலம் போனது. அக்கா தங்கை இருவருக்கும் பணம் வந்தது. தங்கமணி தனக்கு வந்த பணத்தைப் புருஷன் கையில் கொடுத்து, அவ கிட்ட கத்துக்கினு அதே மாதிரி போடு, எனக்கு வயசான காலத்துக்கு ஆவட்டும் என்றாள். வெங்கடேசன் வெட்கத்தை விட்டுக் கொழுந்தியாள் கடைக்குப் போய் உட்கார்ந்தார்.

அவள் சொல்லிக்கொடுத்த விதம் அவருக்குப் பிடித்திருந்தது. “எந்த மோட்டார ஜனம் பேர் சொல்லி கேட்டு வாங்குது, எது திரும்பத் திரும்ப ரிப்பேருக்கு வருதுன்னு எனக்குத் தெரியும் மாமா. அங்கதான் ஆரம்பிச்சேன். உனக்குத் தெரிஞ்ச தொழில்ல இருக்கற கம்பெனியப் பாரு. கடன் கம்மியா இருக்குதா, வர்ற லாபத்த தொழில்லயே போடறானான்னு பாரு. பத்து வருஷத்துக்கு வேணாங்கற பணத்த மட்டும் போடு. போட்டுட்டுப் போய் உன் கொல்லி வெள்ளாமய பாரு.”

பெண்டாட்டியைத் தவிர, மாமனார் வீட்டு ஆட்களில் அவரை நீ, வா, போ என்று பேசுகிறவள் அவள் ஒருத்திதான். கல்யாணத்தின்போது அவள் பள்ளிக்கூடப் பிள்ளை. அன்றைக்கு ஆரம்பித்த கேலி இன்னும் ஓயவில்லை. அவருக்கும் அது ஒரு பெருமை.

போன மாசியில்தான் தப்பு நடந்தது. மக்காச்சோளத்தை மூட்டை பிடித்து மண்டிக்கு ஏற்றிக்கொண்டு போனால் விலை விழுந்து கிடந்தது. வைத்திருந்தால் வண்டு விழும், நாளைக்கு இதுவும் கிடைக்காது என்று எல்லாரும் வந்த விலைக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அவரும் தள்ளினார். அதே வாரம் பங்கு விலைகளும் சரிந்துகொண்டிருந்தன. மண்டியில் டீ குடிக்க வந்தவர்கள் அதையே பேசினார்கள். வெங்கடேசன் காலிச் சாக்குமேல் உட்கார்ந்து சட்டத்தை மீறிக் கணக்கைத் திறந்தார். திறந்த கையோடு எல்லாவற்றையும் விற்றார். சோளத்தை விற்ற அதே அவசரம்.

பணம் எங்கும் போய்விடவில்லை. கொஞ்சம் குறைந்து, அவர் வங்கிக் கணக்கில் அப்படியே கிடக்கிறது. பங்குகள்தான் ஆடிக்குள் ஏறி, பழைய விலையைத் தாண்டிப் போய்விட்டன. திரும்ப வாங்கக் கூச்சமாக இருந்தது. தங்கமணி டிவியில் செய்தி கேட்டுவிட்டு, நம்முது இன்னா ஆச்சு என்று கேட்டபோது, இருக்குது என்று சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தையை வருடம் முழுக்கச் சுமந்துகொண்டிருந்தார்.

கரியாலூரில் படகுத்துறைக்கு மேலே மரத்தடியில் ஜமக்காளம் விரித்தார்கள். வெங்கடேசனின் பங்காளி, தம்பி முறையான பச்சமுத்து முதலில் செல்போனைத் திறந்து நீட்டினான். ஜெயசுதா கண்ணாடியைப் போட்டுப் பார்த்து, பரவாயில்லையே என்றாள்.

“எல்லாம் அண்ணனாலதான்” என்றான் பச்சமுத்து. “மாசில வித்துட்டு ஓடிடலாம்னு அண்ணன் வூட்டுக்கு வந்தேன். திட்டு திட்டுனு திட்டி அனுப்பனாரு. பயந்தவன் விப்பான், பொறுத்தவன் வாங்குவான்னு சொன்னாரு. அன்னிக்கு அவரு மட்டும் இல்லன்னா நான் காலி.”

வெங்கடேசன் படகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் வந்தது உண்மை. அவர் திட்டியதும் உண்மை. அதற்கு முந்தின வாரமே தன்னுடையதை விற்றிருந்தார்.

“பாருக்கா, என் டயலாக்க எடுத்து இவன்கிட்ட விட்டிருக்காரு உன் வூட்டுக்காரு” என்று ஜெயசுதா சிரித்தாள். “இன்னா மாமா, வாத்தியாரு ஆயிட்டியா? எங்க, நீ காட்டு.”

செல்போனை மறந்து வந்துவிட்டதாக அவர் சொன்னார்.

“நீ மறப்பேன்னு தெரியும்” என்றாள் தங்கமணி. சோற்றுக் கூடைக்குள் கையை விட்டுத் துணியில் சுற்றியிருந்த செல்போனை எடுத்தாள். “வேட்டிக்கு அடியில கெடந்திச்சி. சார்ஜ் கூட இல்ல. நான்தான் போட்டு எடுத்தாந்தேன்.”

அவள் முகத்தில் சந்தோஷம் இருந்தது. வருடத்துக்கு ஒருநாள், தங்கைக்குச் சமமாக உட்கார்ந்து தன்னுடையதும் வளர்ந்திருப்பதைப் பார்க்கிற நாள் அவளுக்கு இது. டவர் கிடைக்கவில்லை என்று சொல்லிப் பார்க்கலாம். பச்சமுத்து இப்போதுதான் அங்கேயே திறந்து காட்டினான்.

பச்சமுத்து வேறு, மேற்கொண்டு போட ஆட்டை விற்ற பணம் கொஞ்சம் இருக்கிறது, அண்ணன் எதில் வைத்திருக்கிறாரோ அதிலேயே போடுகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

வெங்கடேசன் கணக்கைத் திறந்தார். திறந்து, மனைவியிடம் நீட்டாமல் கொழுந்தியாளிடம் நீட்டினார். ஜெயசுதா மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தாள்.

“ஒண்ணும் இல்லியே மாமா.”

“வித்துட்டேன்.”

“எப்ப?”

“மாசில. மண்டில சோளம் போட்ட அன்னிக்கி.” செல்போனைத் திரும்ப வாங்கிக்கொண்டார். “பணம் பேங்க்ல இருக்குது. ஒண்ணும் செலவு பண்ணல.”

பச்சமுத்து மெதுவாகத்தான் நாள் கணக்குப் போட்டான். போட்டு முடித்ததும், அப்ப எனக்கு சொன்னப்ப உன்கிட்ட ஒண்ணும் இல்லியா அண்ணே என்று கேட்டான். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருக்கலாம். அவன் புரியாமல் கேட்டான். அவர் ஆமென்று தலையை ஆட்டினார்.

“சோளத்துல வண்டு விழும்” என்றாள் ஜெயசுதா. குரலில் கேலி இல்லை. “இதுல இன்னா விழும்னு வித்த? அன்னிக்கே எனக்கு ஒரு போன் போட்டிருந்தா, மறுநாளே திரும்ப வாங்கியிருக்கலாமே.”

போன் போடாததைத்தான் அவராலும் தாங்க முடியவில்லை. விற்றது ஒருநாள் புத்தி. சொல்லாமல் இருந்தது வருடம் முழுக்க.

தங்கமணி சோற்றுக் கூடையின் மூடியைத் திறந்து, மறுபடி மூடினாள்.

“நான் கேட்டேன்” என்றாள். “இருக்குதுன்னு சொன்ன.”

“ஆமா.”

“விலை எறங்கிச்சின்னா எனக்கு வெளங்காதா? வெள்ளாம பாக்கறவதான நானும்.” பிறகு தங்கையைப் பார்த்தாள். “ஜெயா, எம் பேர்ல ஒரு கணக்கு தொறந்து குடு. நீ சொல்லிக் குடுத்தா நானே கத்துக்கறேன். அந்தப் பணத்த அவரு மாத்தி உடட்டும்.”

நாளைக்கே மாற்றிவிடுகிறேன் என்றார் வெங்கடேசன். அவள் சோற்றுக் கூடையைத் தங்கை பக்கம் நகர்த்தினாள்.

சோறு போட்டார்கள். அவருக்கும் இலை போட்டார்கள். ஜெயசுதா பரிமாறிக்கொண்டு வந்தாள். வழக்கமாக அவர் இலையில் வேண்டுமென்றே வெறும் மிளகாயாகத் தேடி எடுத்து வைப்பாள், அவர் கத்துவார், எல்லாரும் சிரிப்பார்கள். இன்றைக்கு மிளகாயை ஒதுக்கிவிட்டு, நல்ல சோறாகப் பார்த்து வைத்தாள்.

“போதுமாங்க மாமா?” என்றாள். “இன்னும் கொஞ்சம் வெச்சிக்கோங்க.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் அடுத்த இலைக்குப் போயிருந்தாள்.

மலை இறங்கும்போது டிரைவர் பக்கத்துச் சீட்டை அவருக்குத்தான் விட்டிருந்தார்கள். பின்னால் அக்காவும் தங்கையும் தலையைச் சேர்த்து வைத்து ஏதோ பேசிக்கொண்டு வந்தார்கள். கடன், லாபம் என்ற வார்த்தைகள் அவருக்குக் கேட்டன. கேட்காததுபோல ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

நைனார்பாளையத்தில் வேன் நின்றது. அவர் இறங்காமல் உட்கார்ந்திருந்தார். பின்னாலிருந்து ஜெயசுதாதான் சொன்னாள்:

“எறங்குங்க மாமா. வூடு வந்துடுச்சி.”