ஏழாவது கீபோர்டு

ஐஸ் பெட்டி வாசலோடு நின்றுவிட்டது. நான்கு பேர் அதைச் சாய்த்துப் பார்த்தார்கள், தலைமாட்டைத் திருப்பிப் பார்த்தார்கள், பிறகு இறக்கி வைத்துவிட்டு நடுவீட்டை எட்டிப் பார்த்தார்கள். பாயில் ராக்கப்பன் கிடந்தார். அவரைச் சுற்றி மூன்று பக்கமும் ஸ்பீக்கர் பெட்டிகள், ஆம்ப்ளிபயர்கள், மைக் ஸ்டாண்டுகள்; சுவரோரம் ஆறு கீபோர்டுகள். அந்த வீட்டில் பல வருஷமாக யாரும் நேராக நடந்ததில்லை. குடியிருந்தவர்களும் விருந்தாளிகளும் நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் போய் வந்தார்கள். ஐஸ் பெட்டிக்கு அந்தப் பழக்கம் இல்லை.

"எல்லாத்தையும் தூக்கித் தெருவுல வைங்கலே. பெறகு பாத்துக்கிடலாம்" என்றார் நல்லசிவம்.

நல்லசிவம் ராக்கப்பனின் அண்ணன். தாயில்பட்டியில் எந்தச் சாவு என்றாலும் பந்தலுக்கு முன்னால் வந்து, பாடை கிளம்பும் வரை உத்தரவு போடுகிறவர். இது தம்பி சாவு என்பதால் குரல் இன்னும் ஒரு கட்டை ஏறியிருந்தது. விடிகாலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தவரை ஆஸ்பத்திரியிலிருந்து திருப்பிக் கொண்டுவருவதற்குள்ளேயே சிவகாசிக்குப் போன் போட்டு, கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸுக்குச் சொல்லிவிட்டிருந்தார். ராக்கப்பன் தனியாக நிற்கிற போட்டோ ஒன்றுகூட அகப்படவில்லை. எல்லாவற்றிலும் முன்னால் ஒரு கீபோர்டு இருந்தது. அதை வெட்டிவிடச் சொன்னார். வெட்டியதில் விரல்களும் போய்விட்டன. வாசலில் கட்டிய பிளெக்ஸில், அந்த இடத்தில் இப்போது நல்லசிவம் கைகூப்பிக்கொண்டிருந்தார்.

சண்முகத்தாய் கணவரின் தலைமாட்டில் உட்கார்ந்து, சாமான்கள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் கற்பகவல்லி திருப்பூரிலிருந்து பஸ் ஏறியிருந்தாள். வந்து சேர மத்தியானம் ஆகும். அதுவரை உடம்பு தாங்க வேண்டும். அதனால் அவள் தடுக்கவில்லை.

முதல் கீபோர்டு வெளியே வந்தது. நல்லசிவம் வாசலில் நின்று, கூடியிருந்தவர்களுக்கு அதை அறிமுகம் செய்துவைத்தார்.

"இது கெணத்துக்காடு."

அடுத்தது வந்தது. "இது மேலக்காட்டுல பாதி." அதற்கடுத்தது. "அந்தா, மிச்சப் பாதி."

ராக்கப்பன் பங்குக்கு வந்த கரிசல் துண்டு துண்டாக விற்றுப்போனது ஊருக்குத் தெரியும். ஒவ்வொரு துண்டையும் வாங்கியது யார் என்பதும் தெரியும். அதை மட்டும் நல்லசிவம் அறிவிக்கவில்லை. மேலக்காட்டில் ஒரு பட்டாசுக் கம்பெனி ஷெட் போட்டு, மாதம் பிறந்தால் அவருக்குத்தான் வாடகை கொடுத்துக்கொண்டிருந்தது.

பெண்கள் வேறு விதமாக அடையாளம் கண்டார்கள். கீபோர்டு ஒவ்வொன்றுக்கும் சேலைத் துணியில் தைத்த உறை இருந்தது. அந்தப் பச்சை சண்முகத்தாயின் தலைதீபாவளிச் சேலை என்றாள் ஒருத்தி. வாடாமல்லி நிறம், மகள் சடங்குக்கு எடுத்தது என்றாள் இன்னொருத்தி. "அவரு காட்டை வித்தாரு, இவ சேலையைக் கிழிச்சிருக்கா. நல்ல சோடி" என்று பின்னால் ஒரு குரல் சொன்னது. சண்முகத்தாய்க்கு அது கேட்டது. ஆறையும் தைத்தது அவள்தான். ஒவ்வொன்றையும் தைக்கும்போது அவரைத் திட்டிக்கொண்டேதான் தைத்தாள்.

ராக்கப்பனுக்குச் சிவகாசியில் ஓர் அச்சாபீஸில் கட்டிங் மெஷினில் வேலை. சுற்றுப்பட்டுக் கோவில் பொங்கல்களில் இன்னிசைக் கச்சேரி. இருபது வருஷமாக அவர் தேடிக்கொண்டிருந்தது ஒரே ஒரு சத்தம், நாயனச் சத்தம். கீபோர்டில் எந்த வாத்தியத்தைக் கேட்டாலும் கிடைக்கும். நாயனத்தை அமுக்கினால் மட்டும் வாத்து கத்தும். அடுத்த மாடலில் சரியாக இருக்கும் என்று வாங்குவார். அதிலும் வாத்துதான், கொஞ்சம் படித்த வாத்து. "இந்தக் காசுக்கு ஒரு நாயனக்காரரையே வீட்டோட வச்சுக்கிடலாமே" என்று சண்முகத்தாய் கேட்டிருக்கிறாள். "அவருக்கு மூணு வேளையும் சோறு போடணும்லா" என்றார் ராக்கப்பன், சிக்கனமான மனிதரைப் போல.

பழையதை விற்றுவிட்டுப் புதியது வாங்குவதாகத்தான் திட்டம் இருக்கும். தன் கச்சேரிக் குழுவில் ஒவ்வொருவருக்கும் ஏதாவது ஒரு சாமானைத் தருவதாக வாக்கும் கொடுத்திருந்தார். நேரம் வரும்போது மனசு வராது. புதியது வாங்குகிறபோது மட்டும் சண்முகத்தாயைப் பார்த்துச் சொல்வார்: "இதுதான் கடைசி."

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கையில் அந்த வட்டாரத்தில் யாரும் சாவதில்லை. பட்டாசு லோடு ஏற்றுகிற சீசன், தூக்க ஆள் கிடைக்காது. இருந்தும் குழுக்காரர்கள் வந்துவிட்டார்கள். அழுதுகொண்டுதான் வந்தார்கள். தெருவில் சாமான்கள் வரிசையாக நின்ற இடத்தில் அழுகை சற்று ஓய்ந்தது. ஒவ்வொருவர் கண்ணும் தனக்கு வாக்களிக்கப்பட்டதைத் தேடிக் கண்டுபிடித்து, அது நலமாக இருக்கிறது என்று தெரிந்த பிறகே பந்தலுக்குள் வந்து மறுபடி அழுதது. பேஸ் கிடார் வாசிக்கிற சங்கிலிமுத்து, ஒரு ஆம்ப்ளிபயர் வெயிலில் நிற்பதைக் கண்டு பதறி, கொண்டுவந்த மாலையை அதன் மேலேயே வைத்துவிட்டு அதை வேப்பமர நிழலுக்கு இழுத்துக்கொண்டு போனான். மாலை கொஞ்ச நேரம் ஆம்ப்ளிபயருக்கே இருந்தது.

சாத்தூர் இருளாண்டியும் வந்தான். போட்டிக் குழுக்காரன். ராக்கப்பன் ஒரு கீபோர்டு வாங்கினால் ஆறே மாதத்தில் அவனும் அதைவிடப் பெரியதாக ஒன்று வாங்கி, அதைத் தாயில்பட்டிப் பக்கம் கச்சேரிக்குக் கொண்டுவந்து காட்டிவிட்டுப் போவான். மாலை போட்டான், கும்பிட்டான், போய் நாற்காலியில் உட்கார்ந்தான். கண் கலங்கவில்லை.

நல்லசிவம் வாடகைக்கு எடுத்திருந்த ரேடியோ செட் ஒப்பாரியை முழங்கிக்கொண்டிருந்தது. பாட்டுக்கு அடியில் விடாமல் ஓர் இரைச்சல். ஊர்க்காரர்களுக்கு அது பாட்டின் பகுதி. குழுக்காரர்களால் உட்கார முடியவில்லை. சங்கிலிமுத்து நெளிந்தான். கடைசியில், இதுவரை முகம் கொடுத்துப் பேசியிராத இருளாண்டியிடம் குனிந்து, "எர்த் குடுக்கலண்ணே" என்றான்.

"அப்பதையே புடிச்சுக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றான் இருளாண்டி.

இரண்டு பேரும் எழுந்து போனார்கள். வாடகைக் குழாய் ஸ்பீக்கரைக் கழற்றிப் போட்டுவிட்டு, எர்த் கம்பி இழுத்துக் கொடுத்து, ராக்கப்பனின் ஸ்பீக்கர் பெட்டிகளில் இரண்டைத் தெருவிலேயே இணைத்தார்கள். இரைச்சல் நின்றது. அந்த ஒப்பாரியில் வார்த்தைகள் இருப்பதே அப்போதுதான் தெரிந்தது. பந்தலில் பேசிக்கொண்டிருந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். வீட்டுக்குள் சண்முகத்தாய் தூணிலிருந்து முதுகை எடுத்து நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

கற்பகவல்லி வந்து, விழுந்து, அழுது முடித்தாள். உடலைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்கிற நீர்மாலைக்கு ஆட்கள் குடத்தைத் தேடிக்கொண்டிருந்த நேரம் ஒரு வேன் வந்து தெருமுனையில் நின்றது. சிவகாசியில் பார்சல் ஆபீஸ் வைத்திருக்கிற முகம்மது நூகு இறங்கினார். அவர் பந்தலைக் கவனிப்பதற்குள் அவருடைய ஆட்கள் நீளமான ஓர் அட்டைப் பெட்டியை இறக்கி, மற்ற சாமான்களோடு வரிசையில் வைத்துவிட்டார்கள். பாய் பந்தலைப் பார்த்தார், பிளெக்ஸைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

"காலையில இருந்து போன் அடிக்கேன், எடுக்கல. குடோன் பூரா வெடி லோடு, வைக்க எடம் இல்ல. சரி, நாமளே கொண்டுபோய்க் குடுத்திருவோம்னு..." என்றவர் சண்முகத்தாயைத் தேடிப் பார்த்து, "எனக்குத் தெரியாது தங்கச்சி" என்றார். முந்தைய ஆறையும் அந்த வீட்டில் இறக்கியவர் அவர்தான்.

நல்லசிவம் பெட்டியின் மேல் அச்சடித்திருந்த படத்தைக் குனிந்து பார்த்தார்.

"இன்னொண்ணா?"

யாரோ சிரித்துவிட்டார்கள். சாவு வீட்டில் ஒருவர் சிரித்தால் அடக்குவது கஷ்டம். அது வாயை மூடிக்கொண்டு பந்தல் முழுக்கப் போய் வந்தது. நல்லசிவத்துக்கு உற்சாகமாகிவிட்டது. ஒரு கையை உயர்த்தி, மேடையில் பேசுகிற குரலில் பேசினார். தம்பி நல்லவன், வெகுளி, ஆனால் இது ஒரு வியாதி, விற்பதற்குக் காடு தீர்ந்த பிறகும் தீராத வியாதி, தீபாவளி போனஸைத்தான் இதில் போட்டிருக்கிறான் என்றெல்லாம் சொல்லிவிட்டு முடிவுக்கு வந்தார். "பாய், அப்படியே திருப்பி அனுப்பிருங்க. ஆளே போயிட்டான், இனி எவன் வாசிக்க? கெடக்கிற மத்ததையும் பதினாறு கழிஞ்சு தள்ளி விட்டுரலாம்."

பிறகு உள்ளே திரும்பி, "ஏத்தா, உனக்கு இது தெரியுமா?" என்றார்.

சண்முகத்தாய் அந்தச் சிரிப்பைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். பெட்டி வந்த வழியே வேனில் ஏறினால், ராக்கப்பன் ஒரு கிறுக்கன் என்று ஊர் கூடித் தீர்ப்பு எழுதி, அதற்குப் பெண்டாட்டியே ரேகை வைத்த மாதிரி ஆகும். அவள் வாயாலும் எத்தனையோ தடவை கிறுக்கு என்று சொல்லியிருக்கிறாள். அது வீட்டுக்குள்.

இருளாண்டி நாற்காலியை விட்டு எழுந்து வந்தான். பெட்டியின் பக்கத்தில் குத்தவைத்து, ஓரத்தில் இருந்த எழுத்தைப் படித்தான். நம்பாமல் இன்னொரு முறை படித்தான். தோளில் கிடந்த துண்டு தானாகக் கைக்கு வந்தது.

"இந்த மாடலு மதுரைக்கு இங்கிட்டு ஒருத்தன்ட்டயும் கெடையாது" என்றான். "நானே படத்துலதான் பாத்திருக்கேன்."

சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து, அன்றைக்கு முதல் தடவையாக, குலுங்கிக் குலுங்கி அழுதான். அழுகை ராக்கப்பனுக்கா பெட்டிக்கா என்று பிரித்துப் பார்க்க யாருக்கும் தைரியம் வரவில்லை. சிரிப்பு மட்டும் நின்றுவிட்டது.

சண்முகத்தாய் எழுந்து வாசலுக்கு வந்தாள்.

"பாய், எங்க கையெழுத்துப் போடணும்?"

"ஏத்தா சண்முகத்தாயி" என்றார் நல்லசிவம், பொறுமையுள்ளவரின் குரலில். "நான் சொல்லுதது வெளங்குதா?"

"வெளங்குது மச்சான்." அவள் குரல் உயரவில்லை. "உங்க தம்பி ஒவ்வொண்ணும் வாங்கும்போது இதுதான் கடைசின்னு சொல்லித்தான் வாங்குனாக. ஆறு தடவையும் பொய்யாப் போச்சு. இந்த ஒரு தடவைதான் சொன்ன சொல்லைக் காப்பாத்தியிருக்காக. இதைப் போயித் திருப்பி அனுப்பச் சொல்லுதீகளே."

நல்லசிவம் வாயைத் திறந்தார். சபையில் பேசப் பழகிய வாய். ஆனால் சபை பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தது. சற்று நேரம் பிளெக்ஸில் இருக்கிற மாதிரியே நின்றுவிட்டு, "நீர்மாலைக்கு நேரமாச்சு, கொடத்தை எடுங்கலே" என்று யாரையோ அதட்டினார்.

அவள் கையெழுத்துப் போட்டாள். நூகு பாய் பேனாவை வாங்கிக்கொண்டு, தன் ஆட்களைத் தள்ளிவிட்டு, பெட்டியின் ஒரு முனையைத் தானே பிடித்தார். மறுமுனையை இருளாண்டி பிடித்தான். ஐஸ் பெட்டியில் இடித்துவிடாமல், நடுவீட்டைத் தாண்டி உள்ளறைக் கட்டிலில் கொண்டுபோய் வைத்தார்கள்.

பாடை கிளம்பும்போது முன்னால் சங்கிலிமுத்துவும் இருளாண்டியும் தோள் கொடுத்தார்கள். சங்கிலிமுத்துவை மட்டும் சண்முகத்தாய் ஒரு நிமிஷம் நிறுத்தினாள். திரும்பி வந்ததும் தெருவில் இருக்கிற எல்லாவற்றையும் பழைய இடத்திலேயே வைத்துவிடச் சொன்னாள். அவன் முகத்தில் ஆம்ப்ளிபயர் ஒரு கணம் வந்து போனது. "சரிக்கா" என்றான். ராக்கப்பனின் ஸ்பீக்கர்களில் பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. தெருமுனை திரும்புகிற வரைக்கும் ஒரு வார்த்தை கெடாமல் கேட்டிருக்கும்.

பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். நடுவீட்டில் தரை என்ன நிறம் என்பது பல வருஷத்துக்குப் பிறகு தெரிந்தது. கற்பகவல்லி ஈரத்தரையில் குறுக்காக நடந்துபோய் விளக்கேற்றினாள். குளித்துவிட்டு வந்த சண்முகத்தாய், காலியான வீட்டில், சுவரோரமாக, பக்கவாட்டிலேயே நடந்து உள்ளறைக்குப் போனாள்.

டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து மடித்து வைத்திருந்த ஒரு துணியை எடுத்தாள். கத்தரிப்பூ நிறம். நீளமாகத் தைத்து, ஓரத்தில் நாடா கோத்திருந்தது.

பின்னால் வந்து நின்ற கற்பகவல்லி பார்த்தாள். "இது போன வருசம் நான் எடுத்துக் குடுத்த சேலைல்லாம்மா. எப்ப தச்சே?"

சண்முகத்தாய் கட்டிலருகே குனிந்தாள். பிரிக்காத அட்டைப் பெட்டிக்கு உறை ஏறவில்லை. மேலாக விரித்து, உள்ளங்கையால் சுருக்கம் நீவி, நான்கு ஓரத்தையும் சமமாக இழுத்துவிட்டாள்.