அருள்பாண்டி பார்க்காத கடல்

மண்ணூரில் பழைய ஆபீஸ் சாமான் கடை வைத்திருக்கும் லூர்தம்மாளுக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. நம்பினால் தலையில் மிளகாய் அரைத்துவிடும் தொழில் அது. அவள் நம்பியது ஒருவனைத்தான். கடையைத் திறந்து, ஏற்றி இறக்கி, விற்று, பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போகும் அருள்பாண்டியை. திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். வலது கையில் இரண்டு விரல் கிடையாது. ஊரில் கரும்பு மெஷினில் போய்விட்டதாகச் சொல்வான். அவன் இல்லையென்றால் கடை இல்லை. அப்படிப்பட்டவன் பிள்ளைப்பாக்கத்தில் இடம் தேடுகிறான் என்று யாரோ காதில் போட்டதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தனிக்கடை போடப் போகிறான், வேறென்ன?

அந்தச் சமயத்தில்தான் ஒரகடத்தில் ஒரு பிரெஞ்சுக் கம்பெனியை மூடி, சாமான்களை ஏலத்துக்கு விட்டார்கள். ஏலம் போனில் நடக்கும். முதல் நாள் நேரில் போய்ப் பார்க்கலாம். கேன்டீன் மேசைகளை எடுப்பதாக இருவரும் பேசி வைத்திருந்தார்கள். அவற்றுக்காக இருங்காட்டுக்கோட்டை ஹாஸ்டல்காரர் ஒருவர் காத்திருந்தார்.

பார்க்கப் போகிற நாளில் இந்த வியாபாரிகளின் நடிப்பைக் காணக் கண் கோடி வேண்டும். வேண்டிய பொருளை ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள். வேண்டாத பீரோவைத் தட்டுவார்கள், உடைந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுவார்கள். எவன் எதைப் பார்க்காமல் போகிறான் என்பதைத்தான் மற்றவர்கள் கவனிப்பார்கள்.

மேனேஜர் அறையில் ஓர் எண்ணெய் ஓவியம் தொங்கியது. முரட்டு அலை, கறுத்த பாறை, தூரத்தில் சாய்ந்த ஒரு பாய்மரம். பிரான்ஸ் நாட்டுக் கடற்கரை, பழைய ஓவியம் என்று சீட்டு ஒட்டியிருந்தார்கள். வந்தவர்களெல்லாம் நின்று பார்த்தார்கள். அருள்பாண்டி மட்டும் உள்ளே கால் வைத்ததுமே முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏசியை ஆராய ஆரம்பித்தான். அவர்கள் கடையில் ஏசி வாங்குவதே கிடையாது.

"இன்னாடா, அந்தப் படம் எப்டி கீது?" என்று லூர்தம்மாள் தூண்டில் போட்டாள்.

"எந்தப் படம்க்கா?" என்றான், சுவர்ப்பக்கம் திரும்பாமலே.

சுவரையே அடைத்துக்கொண்டு தொங்குகிறது, எந்தப் படமாம்! யாரிடமோ மதிப்பு விசாரித்துவிட்டான். இதை விற்றுத்தான் கடை போடப் போகிறான்.

மறுநாள் ஏலத்தில் மேசைகளுக்கு முன்னால் படம் வந்தது. கேட்பவர்களின் பெயர் தெரியாது, எண் மட்டும் தெரியும். லூர்தம்மாள் கடைக்குள் உட்கார்ந்து ஒரு தொகையைத் தட்டினாள். நாலாம் எண்காரன் அதற்கு மேல் துளி ஏற்றினான். அவள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். லாரிக்குப் பின்னால் அருள்பாண்டி குனிந்து, இடது கையால் போனைத் தட்டிக்கொண்டிருந்தான். அவள் மறுபடி ஏற்றினாள். அவன் தலையைச் சொறிந்துவிட்டு மறுபடி தட்டினான். நாலாம் எண் மறுபடி துளி ஏறியது.

"உன் வேலைய என்கிட்டயேவா காட்ற?" என்று முணுமுணுத்தபடி அவள் ஏற்றிக்கொண்டே போனாள். கடைசியில் அவன் போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு லாரியில் சாய்ந்துகொண்டான். படம் அவளுக்கு வந்தது. மேசைகள் ஏலத்துக்கு வந்தபோது கேட்க அவள் கையில் முதல் இல்லை.

படம் கடைக்கு வந்து இறங்கிய அன்று அருள்பாண்டி அதையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நீங்களாக்கா எடுத்தது?"

"ஏன், நீ எடுத்துக்கினு போயி பிள்ளைப்பாக்கத்துல கடை போடலாம்னு பாத்தியா? நாலாம் நம்பரு நீதான?"

"ஆமாக்கா. என் சேக்காளி பிரவீன் பேர்ல நான்தான் கேட்டேன்."

"எதுக்குடா?"

"கிழிச்சுப் போட." அவன் விரல் இல்லாத கையை நீட்டினான். "இது கரும்பு மெஷின்ல போகலக்கா. அந்தக் கம்பெனி பிரஸ் மெஷின்ல போச்சு. அப்படிச் சொன்னா கேஸ் போடுதவன்னு எவனும் வேலை தரமாட்டான். கைக்கட்டோட அந்த மேனேஜர் ரூம்ல நிப்பாட்டி, என் தப்புதான்னு இடது கையால கையெழுத்து வாங்குனாங்க. அந்த ஆளு மூஞ்சியப் பார்க்க முடியாம, பின்னால இருந்த இந்தக் கடலையே பார்த்துக்கிட்டு நின்னேன். இன்னும் கண்ண மூடுனா இதுதான் வருது."

லூர்தம்மாள் அட்டைப்பெட்டி அறுக்கும் கத்தியை எடுத்து மேசையில் வைத்தாள். "கிழிச்சுடுடா. காசு போனா போவுது."

அவன் கத்தியைத் தொடவில்லை. "பிள்ளைப்பாக்கத்துல வீடு தேடுனேன்க்கா. அம்மாவக் கூட்டியாரணும்னு. ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லிருப்பேம்லா?"

"தப்புதான்டா. போவாதடா."

சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்துக் கத்தியின் பக்கத்தில் வைத்தான். "ஏமாத்துவான்னு நினைச்ச இடத்துல சாவிய வச்சிருக்க முடியாதுக்கா," என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

படத்தை வாங்க இதுவரை ஆள் வரவில்லை. லூர்தம்மாள் அதைத் தினமும் துடைக்கிறாள், நன்றாகவே பார்க்கிறாள். சாவி அவன் வைத்த இடத்திலேயே கிடக்கிறது, அவளிடமிருக்கும் மாற்றுச் சாவியில் கடை நடக்கிறது. நேற்று பூந்தமல்லி வியாபாரி ஒருவர் வந்து பேசிக்கொண்டிருந்தார். போகும்போது, "அந்தச் சாவிய மட்டும் பார்க்கவே மாட்டேங்கிறியே, யாரோடதும்மா?" என்று கேட்டார்.