ரமிரோவின் இடது கால்

சிலி நாட்டின் வால்பராய்சோ நகரில் எங்கள் குன்றின் சுகாதார நிலையத்தில் செவ்வாய்க்கிழமைதோறும் எட்டுப் பேர் வட்டமாக உட்காருவோம். எல்லோருக்கும் மனதில் ஒரு நோய், உடம்பில் ஒரு நோய். எனக்கு மனச்சோர்வும் ரத்தக்கொதிப்பும். துறைமுகத்தில் வேலை பார்த்த ரமிரோவுக்குக் காதுக்குள் ஒரு குரல் கேட்கும், சர்க்கரையும் உண்டு. நோயோடு வாழக் கற்றுக்கொள்ளும் வகுப்பு இது. இதை நடத்தும் எல்பா, டாக்டர் அல்ல. மூன்று முறை மனநல மருத்துவமனையில் படுத்து எழுந்தவள். அவளிடம் பொய் சொன்னால் செல்லாது.

வாராவாரம் ஆளுக்கொரு சின்னத் திட்டம் சொல்ல வேண்டும். அதைச் செய்துவிடுவோம் என்று எவ்வளவு நம்பிக்கை என்பதற்குப் பத்துக்கு மார்க்கும் போட வேண்டும். ஏழுக்குக் கீழே போனால் திட்டத்தை மாற்றிவிடுவாள் எல்பா.

இரண்டாவது வாரம் ரமிரோ எழுந்து நின்றான்.

"தினம் நாலு ரொட்டி தின்னுறேன். இனி ரெண்டு."

"நம்பிக்கை எவ்ளோ, ரமிரோ ஐயா?"

"எனக்கு எட்டு. காதுக்குள்ள இருக்கிறவருக்கு மூணு."

"சராசரி அஞ்சரை," என்றாள் எல்பா, சிரிக்காமல். "பத்தாது. ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க."

பேரம் மூன்று ரொட்டியில் படிந்தது. அவனுக்கு வாரம் இருமுறை போன் செய்து விசாரிப்பது என் வேலை.

நான்காவது வாரம் போனில் சிரித்துக்கொண்டே சொன்னான்: "நிடியா, நேத்து பூரா ஷூவுக்குள்ள ஒரு ஆணி கிடந்திருக்கு. எனக்குத் தெரியவே இல்ல!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "டாக்டர்கிட்ட சொன்னியா?"

"கால் மரத்துப் போகுதுன்னு ரெண்டு தடவை சொன்னேன். அந்தம்மா கம்ப்யூட்டரப் பாத்துக்கிட்டே, குரல் கேக்குதா, மாத்திரை போட்டீங்களான்னு கேட்டாங்க. என் காலும் கற்பனைன்னு நினைச்சுட்டாங்க போல."

செவ்வாய்க்கிழமை, டாக்டரிடம் எப்படிப் பேசுவது என்று ரமிரோவுக்கு ஒத்திகை வைத்தாள் எல்பா. நான்தான் டாக்டர். மேசையைத் தட்டிக்கொண்டு, நிமிர்ந்தே பார்க்காமல், "குரல் எப்படி இருக்கு?" என்றேன். முதல் தடவை ரமிரோ, "நல்லா இருக்கு டாக்டர், நன்றி," என்று எழுந்து போய்விட்டான். எல்லோரும் கத்தினோம். இரண்டாவது தடவை காலைப் பற்றி முனகினான். மூன்றாவது தடவை ஷூவைக் கழற்றி என் மடியிலேயே காலைத் தூக்கி வைத்தான்.

"இது போதும்," என்றாள் எல்பா மூக்கைப் பொத்திக்கொண்டு. "ஆனா அங்க நாற்காலியில வைங்க."

வியாழக்கிழமை துணைக்கு நானும் உள்ளே போனேன். இளம் டாக்டர். கண் திரையில்.

"குரலெல்லாம் எப்படி இருக்கு?"

"அவர் சௌக்கியம். கால்தான் சரியில்ல டாக்டர்." ரமிரோ ஷூவைக் கழற்றினான். குனிந்து காலுறையை உருவினான். "பாக்காம நான் போகப் போறதில்ல."

டாக்டர் திரும்பினாள். இடது பாதத்தில் ஆணி குத்திய இடத்தில் காசு அளவு புண், ஓரம் கறுத்திருந்தது. பிறகு நர்ஸைக் கூப்பிட்டுவிட்டு, தானே தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"முன்னாடியே பாத்திருக்கணும். என் தப்பு," என்றாள்.

வெளியே வந்ததும் ரமிரோ சுவரில் சாய்ந்து அழுதான். எனக்கும் அழுகை வந்தது.

வாரம் மூன்று முறை கட்டு மாற்றினார்கள். இரண்டரை மாதத்தில் புண் ஆறியது. ஒரு விரலும் போகவில்லை.

இப்போது அந்த டாக்டர் எங்கள் குழுவில் யார் போனாலும் முதலில் செருப்பைக் கழற்றச் சொல்கிறாள். போன வாரம் ரத்தக்கொதிப்பு மாத்திரைக்காகப் போனேன்.

"எனக்குச் சர்க்கரை இல்லையே டாக்டர்!"

"பரவால்ல, காட்டுங்க."

காட்டினேன். காலுறையில் பெருவிரல் எட்டிப் பார்க்கும் ஒரு பெரிய ஓட்டை. அதையும் கம்ப்யூட்டரில் குறித்துக்கொண்டாள் என்றுதான் நினைக்கிறேன்.