எங்கள் குன்றில் புல் முளைத்த காரணம்

"பேரப்பிள்ளைகளுக்காகன்னு மட்டும் சொல்லிடாதீங்கப்பா."

"ஏன், நல்ல காரணம்தானே?"

"உங்களுக்குப் பேரப்பிள்ளையே கிடையாது."

"அது யாரு தப்பு?" என்று கேட்டுவிட்டு அப்பா சலாமி இறைச்சித் துண்டை ரொட்டிக்குள் மடித்தார்.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஸ்வீடனிலிருந்து யோர்டிஸ் என்ற பெண் வந்துகொண்டிருந்தாள். மண்ணில் விஷம் தெளிக்காத தோட்டங்களில் மட்டும் ஒயின் வாங்கித் தன் நாட்டுக்குக் கொண்டுபோகிறவள். எங்கள் குன்றில் ஒரே ஒருவரிடம்தான் வாங்குவேன், களைக்கொல்லியை யார் முதலில் விட்டாரோ அவரிடம், என்று சொல்லியிருந்தாள். எதற்காக விட்டார் என்றும் கேட்பாளாம். அந்த ஆர்டர் வந்தால் எங்கள் பெயர் போட்ட புட்டிகள் தொடரும். வராவிட்டால் வரும் அறுவடையை அப்படியே கூட்டுறவுச் சங்கத்தில் கொட்டிவிட்டு நான் டூரின் நகரத்தில் வேலை தேட வேண்டியதுதான்.

"தேனீக்களுக்காகன்னு சொல்லட்டுமா?"

"தேனீயைக் கண்டா டிராக்டருக்கு அடியில பூந்துக்கற ஆளு நீங்க."

"மண்ணு, தண்ணி, காத்து..."

"பிரசங்கம் மாதிரி இருக்கு."

"அப்ப உண்மையைச் சொல்லிடறேன்."

"அது மட்டும் வேண்டவே வேண்டாம்."

வட இத்தாலியில் எங்கள் மொன்ஃபெராத்தோ பக்கம் ஒரு மனிதனை அவன் திராட்சைக் கொடிவரிசைகளை வைத்துத்தான் எடைபோடுவார்கள். வரிசைகளுக்கு நடுவே மண் சிரைத்த தலைபோல மொட்டையாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஆண்களெல்லாம் சுற்றுவழியில் வீடு திரும்புவது காற்று வாங்குவதற்காக அல்ல. யார் தோட்டத்தில் புல் தலைகாட்டுகிறது என்று பார்ப்பதற்காக.

அந்தக் காலத்தில் களைக்கொல்லி தெளிக்கும் டேங்க் ஒன்றை அப்பாவும் ரெமிஜியோ மாமாவும், அதாவது என் அத்தையின் கணவரும், பாதிப் பாதி போட்டு வாங்கியிருந்தார்கள். அது மாமாவின் கொட்டகையில் நின்றது. ஓர் இலையுதிர் காலத்தில் மாமாவின் நாய் எங்கள் இரு தோட்டங்களின் எல்லையில் நின்ற ஓக் மரத்தடியைத் தோண்டி, மண்ணுக்குள் விளையும், தங்கத்துக்கு நிகராக விலைபோகும் வெள்ளைக் காளான் ஒன்றைக் கண்டெடுத்தது. மாமா எங்களிடம் மூச்சுவிடவில்லை. பொரித்த முட்டைமேல் சீவிப் போட்டுச் சாப்பிட்டுவிட்டார். மூச்சுவிடாத குறையை வாசனை தீர்த்துவைத்தது. அது சுவரேறி எங்கள் சமையலறைக்கே வந்தது. அன்றோடு பேச்சு நின்றது.

வசந்தம் வந்தது. தெளிக்க டேங்க் வேண்டும், டேங்குக்கு மாமாவிடம் வாய் திறக்க வேண்டும். அப்பா திறக்கவில்லை. புல் முழங்காலைத் தொட்டது.

"என்ன எவாசியோ, பசு வாங்கப் போறியா?" என்று மதுக்கடையில் சீட்டாட்டக்காரர்கள் அப்பாவைக் கேட்டார்கள்.

அப்பா கையிலிருந்த சீட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மண்ணு மூச்சு விடணும். உங்களுக்கெல்லாம் எங்க புரியப்போகுது."

சொல்லிவிட்டார். சொன்ன சொல்லைக் காப்பாற்ற மறு ஆண்டு புல்லுக்கு நடுவே, மண்ணுக்கு உரமாக, அவரை விதையும் தூவினார். அதற்கடுத்த ஆண்டு ஒரு பேய்மழை. மாமாவின் மொட்டை மண் வழிந்து இறங்கிப் பாதிரியாரின் காரை ஜன்னல்வரை மூடியது. எங்கள் மண் அசையவில்லை. அடுத்த வசந்தத்தில் மாமாவின் தோட்டத்திலும் புல். ரொம்ப நாளாகவே யோசித்து வைத்திருந்தாராம். பிறகு குன்று முழுக்கப் பச்சை பரவியது. ஒருவருக்கு டீசல் மிச்சம், ஒருவருக்கு மருமகளின் மிரட்டல், கூட்டுறவுத் தலைவருக்கு ஜெர்மன் வியாபாரிகளின் நச்சரிப்பு. ஆனால் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்: பேரப்பிள்ளைகள்.

வாசலில் கார் நின்றது. யோர்டிஸ் இறங்கினாள், சேற்றுக்கென்றே போட்ட பூட்ஸுடன். கூடவே கையில் ஹேசல்நட் கேக்குடன் ரெமிஜியோ மாமாவும் இறங்கினார்.

"பாவம், வழி தெரியாம நின்னாங்க. நான்தான் கூட்டிட்டு வந்தேன்" என்றார். எங்கள் வீட்டுக்கு இருப்பதே ஒரு வழிதான்.

"ஓர்சோலா, கேக்கை வச்சுட்டுக் கிளம்பச் சொல்லு" என்றார் அப்பா.

"ஓர்சோலா, அத்தை என்னையும் இருந்து சாப்பிட்டு வரச் சொன்னாள்னு சொல்லு" என்றார் மாமா. இத்தனை வருஷமும் இருவரும் என் வழியாகத்தான் பேசினார்கள்.

யோர்டிஸ் எங்கள் பார்பெரா ஒயினை ஒரு வாய் குடித்தாள். தலையை ஆட்டினாள். இன்னொரு வாய். "நல்லா இருக்கு. சரி, யார் முதல்ல விட்டது?"

இரண்டு கைகள் உயர்ந்தன.

"எதுக்காக விட்டீங்க?"

மாமா முந்திக்கொண்டார். "எனக்கு நாலு பேரப்பிள்ளைங்கம்மா" என்று போட்டோக்களை எடுத்து மேசையில் பரப்பினார். நாலும் கொழுகொழுவென்று சிரித்தன. டூரினில் வாடகைக்கு அறை என்ன விலை இருக்கும் என்று நான் யோசிக்க ஆரம்பித்தேன்.

"இந்த வாரம் போன தோட்டத்துலயெல்லாம் பேரப்பிள்ளைங்கதான்" என்றாள் யோர்டிஸ், நிதானமான இத்தாலிய மொழியில். "களைக்கொல்லி அடிச்சப்ப அவங்கல்லாம் எங்க இருந்தாங்க?"

மாமா போட்டோக்களைத் திரும்ப அடுக்கினார். யோர்டிஸ் அப்பா பக்கம் திரும்பினாள். அப்பா என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன்.

"முட்டைதான் காரணம்" என்றார் அப்பா.

முழுவதையும் சொன்னார். நாய், காளான், சுவரேறிய வாசனை, கேட்காத டேங்க். எதையும் விடவில்லை.

"ஓர்சோலா," மாமாவின் காது சிவந்துவிட்டது, "அந்தக் காளான் என் பக்கத்து வேர்லதான் இருந்துச்சுன்னு சொல்லு. டேங்கை நான் ஒண்ணும் பூட்டி வைக்கல. அவன்தான் கடைசிவரை வந்து கேக்கல."

யோர்டிஸ் மாமாவைப் பார்த்தாள். "அப்ப அவர் தெளிக்காத வருஷம் நீங்க தெளிச்சீங்க."

மாமா கேக்கை வெட்டுவதில் மும்முரமானார்.

யோர்டிஸ் சிரிக்க ஆரம்பித்தாள். கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "பாசத்துக்காக விட்டவங்க ஒயின் விலை குறைஞ்சா மறுபடி அடிக்கறாங்க. வீம்புக்கு விட்டவர் சாகற வரைக்கும் அடிக்க மாட்டார். எனக்கு உங்க ஒயின் வேணும். ஆனா ஒரே ஒரு நிபந்தனை. என் கூட்டாளிங்க இந்தக் கதையை நம்ப மாட்டாங்க. அந்த டேங்கை உங்க புல்லு நடுவுல நிறுத்தி ஒரு படம் எடுக்கணும். சாயங்காலம் நான் கிளம்பறதுக்குள்ள. டேங்க் இருக்கில்ல?"

இருந்தது. மாமாவின் கொட்டகையில், கோழிகள் முட்டையிடும் இடமாக. அந்தப் பேய்மழைக்குப் பிறகு கொட்டகைக்குப் பூட்டும் வந்திருந்தது. சாவி மாமாவின் இடுப்பில் தொங்கியது. மாமா கேக்கை மெல்லிய துண்டுகளாக, அவசரமே இல்லாமல் வெட்டிக்கொண்டிருந்தார்.

"ஓர்சோலா," என்றார் அப்பா, "மாமாகிட்ட..."

"நான் கேக்க மாட்டேன்பா. உங்க டேங்க், நீங்களே கேளுங்க."

அப்பா ரொட்டித்தூளை உள்ளங்கையால் மேசையின் ஓரத்துக்குத் தள்ளினார். மறுபடி நடுவுக்குத் தள்ளினார். கோப்பையில் மீதமிருந்ததைக் குடித்துவிட்டு, இத்தனை வருஷத்தில் முதல்முறையாக மேசைக்கு எதிர்ப்புறம் நேராகப் பார்த்தார்.

"மச்சான், அந்த டேங்கை இன்னிக்கு ஒரு நாளைக்குத் தர்றியா?"