ரிசீவர்மேல் காய்ந்த துண்டுகள்

சலூன்காரருக்கு வாழ்க்கையில் இரண்டு பெருமைகள். ஒன்று, கண்ணை மூடிக்கொண்டே கிருதா இறக்குவார் என்பது. அதைச் சோதித்துப் பார்க்க இதுவரை யாரும் முன்வரவில்லை. மற்றொன்று, சவரம் முடிந்ததும் முகத்தில் போடும் துண்டு. அந்த இதமான சூட்டுக்காகவே வங்கிக் காவலாளி ஒருவர் மாதம் இருமுறை முடிவெட்ட வந்துகொண்டிருந்தார். முழு வழுக்கை. ஆனாலும் நாற்காலியில் உட்கார்ந்ததும், முன்பக்கம் கொஞ்சம் நீளமாக விடச் சொல்லத் தவறமாட்டார்.

துண்டைச் சூடாக்கக் கடையில் அடுப்பு எதுவும் கிடையாது. ஸ்டீரியோ ரிசீவர்தான் இருந்தது. ரேடியோவையும் கேசட்டையும் இரண்டு ஸ்பீக்கர்களுக்குப் பிரித்து அனுப்பும் கனத்த பெட்டி. அலமாரியின் நடுத்தட்டில், சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, காலையிலிருந்து கடை மூடும்வரை பாடும். அதன் தலைமேல் வரிவரியாக இருந்த காற்றுத் துளைகளில் எப்போதும் ஒரு வெதுவெதுப்பு வந்துகொண்டிருக்கும். இவ்வளவு நல்ல சூடு வீணாகப் போகிறதே என்று வருந்திய சலூன்காரர், பிழிந்த துண்டுகளை அங்கே மடித்து அடுக்கத் தொடங்கினார். இருபத்தெட்டு வருடம் அப்படியே ஓடிவிட்டது.

பாட்டு இல்லாமல் அவருக்குக் கத்தரி ஓடாது. வேகமான பாட்டு வந்தால் கால் மணியில் இரண்டு தலை முடியும். சோகப் பாட்டென்றால் ஒரு கிருதாவுக்கே அரை மணி ஆகும். ஒருநாள் வரிசையாக ஐந்து சோகப் பாட்டுகள் வந்தன. அன்று தன் கல்யாணத்துக்காக முடிவெட்ட உட்கார்ந்த ஒருவர், மண்டபம் போய்ச் சேர்ந்தபோது பெண்ணின் தங்கைக்கும் கல்யாணம் முடிந்திருந்தது.

போன வாரம் கணக்கு வாத்தியார் முகத்தில் துண்டைப் போட்டபோதுதான் தீய்ந்த வாசனை வந்தது. எடுத்துப் பார்த்தால் துண்டில் பழுப்பு நிறத்தில் வரிவரியாகக் கருகல், வாத்தியார் கன்னத்தில் வரிவரியாகச் சிவப்பு. அவர் மனைவி அதில் மளிகைச் சீட்டு எழுதினார் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அது மட்டும் பொய். அன்று மாலையே இடது ஸ்பீக்கர் கரகரவென்று இருமிவிட்டு அடங்கியது.

கருகிய துண்டைத் துவைக்க எடுத்த சலூன்காரரின் மனைவி, அதை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு தீர்ப்பு சொன்னார். கடை விடுமுறையன்று நாலு மணிக்குப் பழைய இரும்பு வண்டி வரும். பெட்டி அதில் ஏற வேண்டும். இல்லாவிட்டால் ஒருநாள் கடையே புகையாகப் போய்விடும். சலூன்காரர் கெஞ்சினார், கோபித்தார், ஒருவேளை சாப்பிடாமலும் இருந்து பார்த்தார். பசிதான் மிச்சம். கடைசியில் ரேடியோ ரிப்பேர் செய்யும் மச்சானைக் கூப்பிட்டார். மனைவியின் சொந்த அண்ணன் சொன்னால் மனைவி கேட்பாள் என்று ஒரு நப்பாசை.

விடுமுறையன்று மதியம் மச்சான் வந்தார். ரிசீவர் மேலிருந்த துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து நாற்காலியில் போட்டார்.

"மாப்ளே, இது பாட்டுக் கேக்குற சாமானா, துணி காயப்போடுற கொடியா?"

"லேசான சூடுதான் மச்சான்."

"அது லேசா இருக்குறதுக்குத்தான் மேல துளை விட்டிருக்கான். அதை ஈரத்துணியால மூடிட்டீங்க. உள்ள தண்ணி சொட்டாததுக்கு நீங்க எந்த ஜென்மத்துலயோ புண்ணியம் பண்ணியிருக்கணும்."

வால்யூமைச் சுத்தமாகக் குறைத்தார். சுவிட்சை அணைத்தார். வயரை இழுக்காமல், பிளக்கின் தலையைப் பிடித்து உருவினார். பிறகு முக்காலியில் சாவகாசமாக உட்கார்ந்துகொண்டார். சலூன்காரர் திருப்புளியோடு பாய்ந்ததும் கையை நீட்டித் தடுத்தார்.

"ஒரு மணி நேரம் தொடக்கூடாது. உள்ள ரெண்டு பெரிய கெபாசிட்டர் இருக்கு. பிளக்கைப் பிடுங்கினாலும் கரண்டு உடனே போயிடாது. போறேன் போறேன்னு சொல்லிட்டு வாசல்ல நின்னு பேசுற சொந்தக்காரன் மாதிரி."

தொழில் பழகிய நாளில் மச்சான் அவசரப்பட்டு அதைத் தொட்டிருக்கிறார். அன்று எழுந்து நின்ற தலைமுடி ஒரு மாதம் படியவே இல்லை. கடைசியில் வெட்டிவிட்டவர் சலூன்காரர் என்பதால் இதற்குச் சாட்சி உண்டு.

அந்த ஒரு மணி நேரம் கடையில் சத்தமே இல்லை. மின்விசிறி கிறீச்சிடுவதையும் குழாய் சொட்டுவதையும் சலூன்காரர் முதல் தடவையாகக் கேட்டார். குழாய் எத்தனை வருடமாகச் சொட்டுகிறதோ, யாருக்குத் தெரியும்? தன் கடையிலேயே முடிவெட்டிக்கொள்ள வந்தவர்போல அவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மூடியைத் திறந்தார்கள். உள்ளே யாரோ தலைகவிழ்ந்து தூங்குவதுபோல் இருந்தது. இருபத்தெட்டு வருடத்து முடி, பெட்டியின் ஓரமெல்லாம் மெத்தையாகப் படிந்திருந்தது. மேலே நரை. அதற்குக் கீழே சாயம் போட்ட அட்டைக் கறுப்பு. அடியில், ஆண்களெல்லாம் காதை மறைத்து முடி வளர்த்த காலத்துச் சுருள் சுருளான நீளம். நடுநடுவே முகப்பவுடர், சுண்ணாம்பு அடித்த மாதிரி.

சலூன்காரருக்கு ஆளையே அடையாளம் தெரிந்தது. இது தபால்காரருடையது, கல்யாணத்துக்கு முந்தின நாள் வெட்டியது. இது பக்கத்துக் கடைத் தையற்காரர், கப்பலேறிப் போனவர் திரும்பவில்லை. இது யாரென்று சொல்ல வேண்டாம், கடன்காரர்களுக்குத் தெரிந்துவிடும். அடியிலிருந்து ஒரு கற்றையை விரலால் எடுத்து நீட்டினார்.

"இது உங்களோடது மச்சான்."

"என்னோடதா? இவ்வளவு கறுப்பாவா?"

மச்சான் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தன் தலையைத் தடவிப் பார்த்தார். பிறகு சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

பவுடர் படாத புதுப் பிரஷ் ஒன்றால், உலர்ந்த கையோடு, மெல்ல மெல்லத் தூசி தட்டினார்கள். ஒரு பெட்டிக்கு முடிவெட்டியது சலூன்காரருக்கு அதுதான் முதல் தடவை. வால்யூம் குமிழுக்குள் மச்சான் அழுக்கெடுக்கும் ஒரு மருந்தைப் பீய்ச்சி, முன்னும் பின்னும் இருபது தடவை திருகினார். இடது ஸ்பீக்கர் வயரின் ஒரு இழை பிரிந்து பக்கத்து வயரை உரசிக்கொண்டிருந்தது. அதைக் கத்தரித்து, முறுக்கிச் சொருகினார். மருந்து காய்ந்ததும் மூடியை மாட்டி, பிளக்கைச் சொருகிச் சுவிட்சைப் போட்டார்கள். இரண்டு பக்கமும் பாடியது. சலூன்காரர் கண்ணாடியைப் பார்த்துத் தன் மீசைக்கே ஒரு சிரிப்பு சிரித்தார்.

அப்போது மனைவி வாசலில் வந்து நின்றார்.

"பாத்தியா, பாடுது. இன்னும் இருபது வருசம் ஓடும்" என்றார் சலூன்காரர்.

மச்சான் தொண்டையைக் கனைத்தார். "ஓடும். ஆனா இங்க இல்ல. முடி, பவுடர், வெந்நீர் ஆவி. இது வீட்டுக்குன்னு செஞ்ச சாமான் மாப்ளே. இங்கயே வச்சா அடுத்த தடவை துண்டோட நிக்காது."

மனைவி ரிசீவரைப் பார்த்தபடியே பேசினார். குரலில் கோபமில்லை.

"கல்யாணமான வருசம் வாங்கினது அண்ணே. வீட்டுல ஜன்னல் பக்கம் வச்சிருந்தோம். தையல் மெஷினை நிறுத்திட்டு நிறுத்திட்டுக் கேப்பேன். கடை திறக்குற அன்னைக்கு, ஒரு வாரம் மட்டும்னு சொல்லித் தூக்கிட்டு வந்தார்."

"நீ கேக்கவே இல்லியே" என்றார் சலூன்காரர்.

"ஒரு வாரம்னா ஒரு வாரம்னு நெனச்சேன். அப்புறம் கேக்குறதுக்கு வெக்கமா இருந்துச்சு. இங்க கெடந்து எரியறதுக்கு வண்டியிலயே போகட்டும்."

தெருமுனையில் இரும்பு வண்டியின் மணி கேட்டது. சலூன்காரர் நாற்காலியைப் பார்த்தார், கத்தரியைப் பார்த்தார். மணி நெருங்கி வந்து, கடை வாசலில் நின்றது. வண்டிக்காரர் என்ன இருக்கிறதென்று தலையை நீட்டிக் கேட்டார். சலூன்காரர் எழுந்து, சுவிட்சை அணைத்து, பிளக்கின் தலையைப் பிடித்து உருவினார்.

"ஒண்ணுமில்லப்பா" என்றார். "மச்சான், அந்தப் பக்கம் புடிங்க."

வீட்டில் ஜன்னலோரம் மேசையில் பெட்டி ஏறியதும் மனைவியே இடத்தை அளந்தார். பக்கத்துக்கு ஒரு சாண், பின்னால் ஒரு சாண், மேலே காற்றைத் தவிர எதுவும் கூடாது. வால்யூமைக் குறைத்துவிட்டு சுவிட்சைப் போட்டார். சில நொடி மௌனம், உள்ளே ஒரு 'டக்', பிறகு பாட்டு. கணவரை அவர் குமிழைத் தொடவிடவில்லை. சலூன்காரரும் கையை நீட்டவில்லை. வாசற்படியிலேயே நின்று இரண்டு பாட்டு கேட்டார்.

இப்போதெல்லாம் மதியம் ஒரு மணி ஆனதும் சலூன்காரர் கத்தரியை மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார். சாப்பாட்டுக்கு என்று சொல்கிறார். நாற்காலியில் யார் இருந்தாலும் இதே கதிதான். நேற்று பால்காரர் ஒரு கன்னம் வழவழப்பாகவும் மறு கன்னம் சோப்பு நுரையாகவும் ஒன்றேகால் மணி நேரம் காத்திருந்தார். வேறு கடைக்குப் போகலாமே என்று யாரோ கேட்டதற்கு, அரைத் தாடியோடு எங்கே போவது என்றார்.